பழைய ரேஸ் காரும் குடும்ப வானும்: குதிரைவலு மட்டும் ஏன் போதாது

"இப்ப வாற குடும்ப வானுக்கு அந்தக் காலத்து ரேஸ் காரை விடக் குதிரைவலு கூட. ரெண்டையும் ஓடவிட்டா வான்தான் வெல்லும்." இப்படி ஒரு பேச்சு கொஞ்ச நாளாகவே சுற்றுகிறது. திருகோணமலையில் கராஜ் வாசலில் நின்றாலும் உட்துறைமுக வீதியில் தேநீர் குடிக்க ஒதுங்கினாலும் யாராவது ஒருவர் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டி இதைச் சொல்லுவார். எதிரே இருப்பவர் விடமாட்டார். "ரேஸ் கார் எண்டா ரேஸ் கார்தான், வான் கிட்டவும் வராது" என்பார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் வாதாடுவார்கள், முடிவு வராது. வரவும் முடியாது, ஏனென்றால் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை இருவருமே பார்ப்பதில்லை.

இந்தக் கட்டுரை அதற்காகத்தான். வாகனப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பாடசாலையில் படித்த பெருக்கலும் பிரித்தலும் போதும்.

எந்த ரேஸ் கார், எந்த வான்?

"பழைய ரேஸ் கார்" என்று பொதுவாகச் சொன்னால் ஒப்பீடு தொடங்கும்போதே குழம்பிவிடும். 1920களின் காரும் 1960களின் காரும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை மாதிரி. அதனால் இரண்டு கார்களைப் பெயர் சொல்லியே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பிரான்ஸில் கட்டப்பட்ட புகாட்டி டைப் 35. 1924இல் லியோன் நகரில் நடந்த கிராண்ட் பிறீ ஓட்டத்தில் முதன்முதலாக இறங்கியது. 2 லீற்றர் எஞ்சின், ஒரே வரிசையில் 8 சிலிண்டர், சுமார் 90 குதிரைவலு, எடை சுமார் 750 கிலோ.

இரண்டாவது, ஹொண்டா ஆர்ஏ272. 1965இல் மெக்சிகோவில் ரிச்சி கிந்தர் இதை ஓட்டி, தொடக்கத்தில் இருந்து முடிவு வரை முன்னணியை விடாமல் வென்றார். ஃபோர்முலா 1 போட்டியில் ஹொண்டாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. ஹொண்டா தன் முதல் நான்கு சக்கர வாகனத்தை விற்கத் தொடங்கியதே 1963இல்தான், அதுவும் ஒரு குட்டி லொறி. இரண்டே வருடத்தில் இப்படி ஒரு காரைச் செய்து வென்றார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. இந்தக் காருக்கு 1.5 லீற்றர் எஞ்சின், 12 சிலிண்டர், சுமார் 230 குதிரைவலு, எடை 498 கிலோ.

வானிலும் இரண்டு. ஒன்று, அதே ஹொண்டா அமெரிக்காவில் விற்கும் ஒடிசி. 3.5 லீற்றர், 6 சிலிண்டர், 280 குதிரைவலு, எடை 2,000 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மற்றது நம்மூர் வீதிகளில் பார்க்கிற டொயோட்டா நோவா. 2014இல் வந்த வடிவத்தின் 2 லீற்றர் பெற்றோல் வான் என்றால் 152 குதிரைவலு, எடை சுமார் 1,600 கிலோ.

ஆக, ஒடிசிக்கு ஹொண்டா ரேஸ் காரை விட 50 குதிரைவலு கூடத்தான். அந்த நோவாவுக்கும் புகாட்டியை விட 60க்கு மேல் கூட. பேச்சில் சொல்லப்படுகிற எண் பொய்யில்லை. அதை வைத்து எடுக்கிற முடிவில்தான் பிழை.

குதிரைவலு என்றால் என்ன?

75 கிலோ எடையை ஒரு செக்கனில் ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கினால் அது ஒரு குதிரைவலு. வரைவிலக்கணம் இவ்வளவுதான். ஒரு வேலையை எவ்வளவு விரைவாகச் செய்து முடிக்க முடியும் என்பதன் அளவு அது. வேலை எவ்வளவு பெரியது என்பதை அது சொல்லாது.

இதைத் திருக்கடலூர்க் கரையில் ஒரு காலை நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு ஃபைபர் படகு, பின்னால் 25 குதிரை எஞ்சின். வெறும் படகாக ஒருவர் மட்டும் ஏறி எஞ்சினை முறுக்கினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கும். அதே படகில் வலை, ஐஸ் பெட்டி, மூன்று பேர் எல்லாம் ஏற்றிவிட்டு அதே எஞ்சினை அதே அளவு முறுக்குங்கள். சத்தம் மாறாது, புகை மாறாது, ஆனால் படகு தண்ணீரில் அமர்ந்து மெல்லத்தான் வேகம் எடுக்கும். எஞ்சின் அன்றைக்கும் 25 குதிரைதான், இன்றைக்கும் 25 குதிரைதான். மாறியது சுமை.

"25 குதிரை எஞ்சின் போட்ட படகு எவ்வளவு வேகம் ஓடும்?" என்று ஒரு மீனவரிடம் கேட்டால், "என்ன ஏத்தியிருக்கிறீங்கள்?" என்றுதான் அவர் திருப்பிக் கேட்பார். வாகனத்துக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். (படகுக்குத் தண்ணீரின் இழுவை பெரிய தடை, வாகனத்துக்கு அப்படி இல்லை. அதனால் இந்த ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்க வேண்டாம்.)

எடையால் பிரித்துப் பாருங்கள்

குதிரைவலுவை எடையால் பிரித்தால் வருவதுதான் வலு-எடை விகிதம். ஒரு தொன் எடைக்கு எத்தனை குதிரைவலு என்று கணக்குப் போடுவது வசதி. 70 கிலோ சாரதி ஒருவரையும் சேர்த்துக்கொள்வோம், ஆளில்லாமல் எதுவும் ஓடாது.

ஹொண்டா ரேஸ் கார்: 230 குதிரைவலு, சாரதியோடு 568 கிலோ. ஒரு தொன்னுக்கு 405.
ஒடிசி: 280 குதிரைவலு, சாரதியோடு சுமார் 2,120 கிலோ. ஒரு தொன்னுக்கு 132.
புகாட்டி: 90 குதிரைவலு, சாரதியோடு 820 கிலோ. ஒரு தொன்னுக்கு 110.
நோவா: 152 குதிரைவலு, சாரதியோடு 1,670 கிலோ. ஒரு தொன்னுக்கு 91.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 50 குதிரைவலு குறைவான ஹொண்டா ரேஸ் கார், ஒடிசியை விட மூன்று மடங்கு முன்னால் நிற்கிறது. ஆனால் 1924இன் புகாட்டியை எடுத்தால் கதை மாறுகிறது. ஒடிசி அதை முந்துகிறது, நோவா கொஞ்சம் பின்னுக்கு நிற்கிறது. ஆக, "வான் ரேஸ் காரை வெல்லும்" என்பதும் "வான் கிட்டவும் வராது" என்பதும் எந்தக் கார், எந்த வான் என்று சொல்லாதவரை இரண்டுமே அரைகுறைப் பேச்சுத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே நோவாவில் ஏழு பேரும் பைகளும் ஏறினால் மொத்த எடை 2,100 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு தொன்னுக்கு 91 என்று இருந்தது 71க்கு இறங்கும். கந்தளாயைத் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும்போது ஒரு லொறியை முந்தப் பார்க்கிறீர்கள், தனியாக ஓட்டும்போது தாராளமாகத் தெரிந்த இடைவெளி அன்றைக்குப் போதாமல் போகிறது. வானில் ஒரு பழுதும் இல்லை. வானத்தில் இருந்து புது விதி ஒன்றும் இறங்கவில்லை. வகுத்தல் கணக்கு அது.

வலு-எடை விகிதம் முக்கியமாகத் தீர்மானிப்பது ஆர்முடுகலை. அதாவது வாகனம் எவ்வளவு விரைவாக வேகம் எடுக்கிறது என்பதை. உச்ச வேகம் வேறு விஷயம். அங்கே காற்றுத்தான் பெரிய எதிரி. காற்றைக் கிழிக்கத் தேவையான வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும், வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு வலு வேண்டும். உயரமும் அகலமுமான வான் பெரிய சுவர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது, பழைய ரேஸ் காருக்கு உடல் சின்னது, ஆனால் வெளியே திறந்து சுழலும் நான்கு சக்கரங்களும் காற்றைக் கலக்கி அதற்கும் இழுவையைத் தருகின்றன. நமது வீதிகளில் யாருக்கும் உச்ச வேகம் தேவைப்படாது என்பதால் இதை இங்கேயே விடுகிறேன்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். குதிரைவலு தனியாக நின்றால் வேகத்தைச் சொல்லாது. எடையோடு சேர்த்தால் ஓரளவு சொல்லும்.

அப்படியென்றால் டோர்க்?

குதிரைவலு பற்றிய வாதம் முடிந்ததும் அடுத்தவர் "டோர்க்கைப் பாருங்க" என்பார். முறுக்குவிசை, மெக்கானிக்மாரின் பேச்சில் டோர்க், என்பது எஞ்சின் தன் தண்டை எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பது. குதிரைவலு என்பது அந்தத் திருகலையும், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதையும் பெருக்கினால் வருவது. இரண்டும் தனித்தனிச் சரக்கு இல்லை, ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒடிசியின் முறுக்குவிசை 355 நியூட்டன் மீற்றர். நோவாவுக்கு 193. அந்த 1965 ரேஸ் காருக்கு? 230 குதிரைவலுவை நிமிடத்துக்கு 12,000 சுற்றில் தருவதாக எடுத்துக் கணக்குப் போட்டால் சுமார் 134தான் வருகிறது. ஆமாம், நம்மூர் நோவாவின் எஞ்சின் அந்த உலகப் புகழ் ரேஸ் எஞ்சினை விடப் பலமாகத் திருகுகிறது.

அப்புறம் எப்படி அது வேகமாக ஓடியது? எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கியர் இருக்கிறது. கியர், சுற்றைக் குறைத்துத் திருகலைக் கூட்டும். 12,000 சுற்று ஓடும் எஞ்சினின் சுற்றைக் கியரால் பாதியாக்கினால் 6,000 சுற்றும் இரண்டு மடங்கு திருகலும் கிடைக்கும். வானின் எஞ்சின் ஏற்கெனவே 6,000 அளவில்தான் உச்ச வலுவைத் தருகிறது, அதற்கு மேல் குறைக்க அதனிடம் சுற்று மிச்சமில்லை. கடைசியில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சக்கரம் வீதியை எவ்வளவு பலமாகப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதை அந்த நேரத்தில் எஞ்சின் தரும் வலுத்தான் தீர்மானிக்கும். எஞ்சினில் எழுதியிருக்கும் டோர்க் எண் தீர்மானிக்காது.

அந்த எஞ்சினின் இரகசியமும் அதுதான். 1.5 லீற்றரைப் பன்னிரண்டால் பிரித்தால் ஒரு சிலிண்டர் சுமார் 125 சீசீ, அதாவது சாதாரண மோட்டார் சைக்கிள் ஒன்றின் அளவு. சின்னப் பிஸ்டன், லேசான பிஸ்டன், அதனால் மிக வேகமாக மேலும் கீழும் ஓடலாம். மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஊறிய ஹொண்டாவின் கைப்பழக்கம் அப்படியே காருக்குள் வந்தது.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த வலு முழுக்க மேல் சுற்றில்தான். 2,000, 3,000 சுற்றில் அந்த எஞ்சினிடம் பிழிந்தாலும் ஒன்றும் வராது. கோட்டைக்குள்ளால் கோணேசர் கோவிலுக்கு ஏறுகிற வீதியை நினைத்துப் பாருங்கள். ஏற்றம், ஆட்கள் நடக்கிறார்கள், மான் ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது, நிறுத்தி, மீண்டும் மெல்ல எடுக்கவேண்டும். நோவாவுக்கு அது ஒரு வேலையே இல்லை. குறைந்த சுற்றிலேயே திருகல் இருக்கிறது, கியர்பெட்டி தானாகப் பார்த்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் அம்மம்மாவுக்கு அசைவுகூடத் தெரியாது. அந்த ரேஸ் காரை அங்கே கொண்டுவந்தால் ஒவ்வொரு முறையும் எஞ்சினை அலறவிட்டு, கிளச்சை அரைத்துத்தான் நகர்த்தவேண்டும். கொஞ்ச நேரத்தில் கிளச் எரிகிற மணம் வரும். முகத்தில் காற்று மோதினால்தான் அதன் ரேடியேட்டர் குளிரும், நிற்கும்போது திருகோணமலை வெயிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும்.

எஞ்சினின் ஆயுளும் அப்படித்தான். ரேஸ் எஞ்சின் ஒரு ஓட்டத்தை முடித்தால் போதும், பிறகு கழற்றிப் பிரித்துப் பார்த்துப் பூட்டுவார்கள். வான் எஞ்சின் எண்ணெய் மாற்றி மாற்றி இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடினாலும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஒன்றை மட்டம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு வேலைக்காக இரண்டு எஞ்சின், இரண்டையும் செய்தவர்கள் தங்கள் வேலையை நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

எல்லாம் கடைசியில் டயரில்தான்

இவ்வளவு நேரம் எஞ்சினைப் பேசினோம். ஆனால் எஞ்சின் வீதியைத் தொடுவதில்லை. வீதியைத் தொடுவது நான்கு டயர், ஒவ்வொன்றிலும் ஒரு உள்ளங்கையளவு ரப்பர். வேகம் எடுப்பது, பிரேக் பிடிப்பது, வளைவது, மூன்றும் அந்த நான்கு துண்டு ரப்பரும் வீதியும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் உராய்வைத் தாண்டிப் போக முடியாது. 280 குதிரைவலு இருந்தாலும் டயர் பற்றாவிட்டால் சக்கரம் சும்மா சுழலும், அவ்வளவுதான். ஆட்கள் வாதாடும்போது இந்தப் பகுதிக்கு வருவதே இல்லை என்பதுதான் என் குறை. தீர்ப்புச் சொல்வது இதுதானே.

பழைய டயர்களுக்குள் துணி இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து பின்னப்பட்டிருக்கும். குறுக்கிழை டயர் என்று சொல்லலாம். வளைவில் பக்கச் சுவர் சாயும்போது வீதியைத் தொடும் பகுதியும் சேர்ந்து முறுகி உருமாறும். ரேடியல் டயரில் இழைகள் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரத்துக்கு நேராக ஓடும், அதற்கு மேலே இரும்புக் கம்பிப் பட்டை ஒன்று சுற்றியிருக்கும். பக்கச் சுவர் வளைந்து கொடுக்கும், வீதியைத் தொடும் பகுதி தட்டையாகவே இருக்கும். மிஷலின் நிறுவனம் 1946இல் இதற்குக் காப்புரிமை கேட்டது. இன்றைக்கு வானுக்குப் போடுகிற டயர் எல்லாம் இந்த வகைதான். ஃபோர்முலா 1 பந்தயத்துக்கு ரேடியல் வந்ததே 1977இல்.

1924இன் புகாட்டிக்கு இருந்தது ஒல்லியான டயர். லியோனில் அது முதன்முதலாக ஓடியபோது எஞ்சின் பழுதாகவில்லை, டயரின் மேல்தோல் உரிந்துதான் அந்த அணியின் ஓட்டம் கெட்டது. அந்தக் காருக்கும் இன்றைய வானுக்கும் வளைவிலும் பிரேக்கிலும் போட்டி வைத்தால், அதுவும் மழை நாளில், வான்தான் முன்னுக்கு நிற்கும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

1965இன் ஹொண்டா வேறு. அதற்குப் பந்தயத்துக்கென்றே செய்த மென்மையான ரப்பர். சாரதி கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு ஓட்டுவார், எஞ்சின் அவருக்குப் பின்னால் தாழ்வாகக் கிடக்கும். இதனால் இரண்டு நன்மை. ஒன்று, புவியீர்ப்பு மையம், அதாவது வாகனத்தின் மொத்த எடையும் குவிந்திருப்பதாக எடுத்துக்கொள்ளும் புள்ளி, வீதிக்கு மிகக் கிட்ட இருக்கிறது. வளைவில் அந்தக் கார் சாய்வதே குறைவு, உள்பக்க டயர்களும் வேலை செய்யும். வானில் ஆட்கள் கதிரையில் அமர்ந்தபடி உயரத்தில் இருக்கிறார்கள், வளைவில் சுமையின் பெரும்பகுதி வெளிப்பக்க டயர் இரண்டின் மேல் ஏறும். மற்றது, எஞ்சின் பின்னால் இருப்பதால் எடை பின்சக்கரத்தின் மேல். தள்ளுவதும் பின்சக்கரம். வேகம் எடுக்கும்போது எடை இன்னும் பின்னுக்குப் போய் அதே டயர்களை அழுத்திப் பிடிக்கும். ஒடிசியில் இழுப்பது முன்சக்கரம், வேகம் எடுக்கும்போது எடை பின்னுக்குப் போக, இழுக்கவேண்டிய டயர்களின் பிடி அந்த நேரம் பார்த்துக் குறையும்.

இன்றைய ஃபோர்முலா 1 கார்களைக் காற்றே வீதியோடு அழுத்துகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சிறகுகள் ஃபோர்முலா 1க்கு 1968இல்தான் வந்தன. 1965இல் டயரும் சாரதியும் மட்டும்தான்.

ஆக டயர் பகுதியின் சுருக்கம்: 1920களின் காரை வான் வளைவிலும் நிறுத்தத்திலும் வெல்லும். 1960களின் காரை, காய்ந்த பந்தயத் தடத்தில், சூடேறிய டயரோடு, தெரிந்த ஒரு சாரதி ஓட்டினால் வான் எதிலும் வெல்லாது.

பிரேக்: வேகத்தை எங்கே கொட்டுவது?

ஓடுகிற வாகனத்திடம் இருக்கும் சக்திக்கு இயக்க சக்தி என்று பெயர். நிறுத்தவேண்டுமென்றால் அந்தச் சக்தி எங்காவது போகவேண்டும். பிரேக் அதை வெப்பமாக மாற்றுகிறது, வேறு மாயம் ஒன்றும் இல்லை.

எவ்வளவு வெப்பம்? ஆட்கள் ஏறிய 2,100 கிலோ வான் மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடுகிறது என்று வையுங்கள். அதை ஒருமுறை நிறுத்தும்போது வரும் வெப்பம், 30 பாகையில் இருக்கும் இரண்டேமுக்கால் லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும். சில செக்கனில். இதே வான் 70இல் ஓடினால் அந்த வெப்பம் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. ஏனென்றால் இயக்க சக்தி வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 70இலிருந்து 100 என்பது பார்க்க 30 கிலோமீற்றர் கூடுதல் மாதிரி இருக்கும், பிரேக்குக்கு அது இரண்டு மடங்கு வேலை.

புகாட்டியின் பிரேக், கால் மிதிப்பதைக் கம்பியால் இழுத்துச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரம் பிரேக். டிரம் என்பது ஒரு கிண்ணம் போன்ற உருளை. அதன் உள்ளே இருந்து பிரேக் கட்டை விரிந்து உரசும். சூடானால் கிண்ணம் விரிந்து கட்டையை விட்டு விலகும், கால் இன்னும் ஆழமாகப் போகும், உள்ளே அடைபட்ட வெப்பம் வெளியேற இடமில்லை, கட்டையின் பிடியும் குறையும். டிஸ்க் பிரேக் என்பது திறந்தவெளியில் சுழலும் ஒரு தட்டை இரண்டு பக்கமும் நெரிப்பது. சூடானால் தட்டு தடிக்கும், அதாவது கட்டையை நோக்கியே வரும், காற்றும் நேராகப் படும். 1953இல் லெ மான் 24 மணி நேர ஓட்டத்தை ஜாகுவார் சி டைப் டிஸ்க் பிரேக்கோடு வென்றபோது மற்றவர்களுக்கும் விஷயம் புரிந்தது. 1965 ஹொண்டாவுக்கும் டிஸ்க்தான்.

இங்கே பலர் நம்பும் ஒரு பிழையையும் சொல்லவேண்டும். "வான் பாரம், அதனால நிக்கத் தூரம் எடுக்கும்." ஒருமுறை பிரேக் அடித்து நிறுத்துவதில் இது பெரும்பாலும் சரியில்லை. பாரம் கூடினால் நிறுத்தவேண்டிய சக்தி கூடும்தான், ஆனால் அதே பாரம் டயரை வீதியோடு அழுத்துவதால் உராய்வும் கூடும், இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். நல்ல டயரும் நல்ல பிரேக்கும் உள்ள பாரமான வான், மோசமான டயர் போட்ட லேசான காரை விட முன்னதாகவே நிற்கும். பாரத்தின் தொல்லை தெரிவது திரும்பத் திரும்பப் பிரேக் பிடிக்கும்போது, வெப்பம் சேரும்போது.

இன்றைய வானிடம் இருக்கிற இன்னொரு பெரிய பலம் ஏபிஎஸ். சக்கரம் சுழலாமல் இறுகி வழுக்கத் தொடங்கினால் அதை உணர்ந்து பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் அமைப்பு அது. இறுகிய சக்கரம் திருப்பினாலும் திரும்பாது, சுழலும் சக்கரம் திரும்பும். 1965இல் இந்த வேலையைச் சாரதியின் கால் செய்தது. கிந்தர் போன்றவர்களின் கால் செய்தது என்று சொல்லவேண்டும். நீங்களோ நானோ அந்தக் காரில் ஏறி, முன்னால் ஒரு மாடு வர, பயத்தில் மிதித்தால் சக்கரம் இறுகிக் கார் சுழன்றுவிடும். அதே மிதியை நோவாவில் மிதித்தால் வான் நேராக நின்று கொடுக்கும். சாதாரண மனிதருக்கு, சாதாரண வீதியில், வேகமாக நிற்கிற வாகனம் எது என்று கேட்டால் என் பதில் வான்.

ஒப்பிடவே கூடாத ஒரு இடம்

ஃபோர்முலா 1 ஓட்டுநர்கள் ஆசனப்பட்டி கட்டியே ஆகவேண்டும் என்ற விதி 1972இல் வந்தது. 1965இன் காரில் சாரதியின் இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள் பெற்றோல். மோதினால் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள முன்னால் ஒன்றும் இல்லை, கால்தான் இருந்தது. அந்த வருடங்களில் எத்தனையோ திறமையான ஓட்டுநர்கள் இப்படிப் போனார்கள்.

வானின் 2,000 கிலோவில் ஒரு பகுதி எங்கே போகிறது என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது. முன்பகுதி நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டிருக்கிறது. அது நசுங்கும் அந்தக் கண நேரத்தில் மோதலின் சக்தி உலோகத்தை மடிப்பதில் செலவாகிவிடும், ஆட்கள் இருக்கும் கூடு மடியாமல் நிற்கும். அதற்குள்ளே காற்றுப்பை, கதவுக்குள் இரும்புத் தண்டு, தோளையும் இடுப்பையும் பிடிக்கும் முப்புள்ளி ஆசனப்பட்டி. அந்தப் பட்டியை வொல்வோ 1959இலேயே தன் கார்களில் போடத் தொடங்கிவிட்டது, ஃபோர்முலா 1 ஓட்டுநர்கள் அப்போதும் பெரும்பாலும் பட்டி இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். வான் பாரம் என்று குறை சொல்கிறவர்கள், அந்தப் பாரத்தில் எவ்வளவு பிள்ளைகளின் உயிருக்காகச் சேர்க்கப்பட்டது என்பதையும் எடை போடவேண்டும்.

உங்கள் வானில் இதை எங்கே பார்ப்பது?

அடுத்த முறை யாராவது குதிரைவலுவைச் சொன்னால் எடை என்ன என்று கேளுங்கள், பிறகு டயர் என்ன என்று கேளுங்கள். சொந்த வானிலும் இதே வரிசைதான்.

நுவரெலியா பார்த்துவிட்டு வான் நிறைய ஆட்களோடு இறங்குகிறீர்கள் என்றால், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் கியரைக் கீழே இறக்கி எஞ்சினே வானைப் பிடித்து வைக்கட்டும். மேலே சொன்ன வெப்பம் பிரேக்கில் சேராமல் இருக்க அதுதான் வழி. முந்தும்போது, ஆள் ஏறிய வானுக்கு வலு-எடை விகிதம் இறங்கியிருக்கிறது என்பதை நினைத்துக் கூடுதல் இடைவெளி எடுங்கள்.

டயரின் காற்றழுத்தம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து சூடேறும், நமது மத்தியான வீதியில் அது வெடிப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. ரப்பர் வயதானாலும் இறுகிப் பிடியை இழக்கும், மேலே பூ நன்றாக இருந்தாலும்கூட. வயதைப் பார்ப்பது சுலபம். பக்கச் சுவரில் டிஓடி என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஒரு பக்கத்தில் இலக்கம் இல்லையென்றால் உள்பக்கச் சுவரில் இருக்கும், குனிந்து பாருங்கள்.